கன்னத்தில் போடும் ஊசி

கலியாணசுந்தரம் டாக்டர் அரைமணி நேரமாகத் தமிழில் முழங்கிக்கொண்டிருந்தார். எதிரே பாய் விரித்து உட்கார்ந்திருந்த முப்பது பெண்களில் ஒருத்திக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை.

தப்பு அவருடையதுதான். மலாக்கா நகரத்துக் குடியிருப்பான காஜா பெராங் கம்பத்துக்குள் நுழையும்போது மாரியம்மன் கோயிலைப் பார்த்தார். வாசல்நிலைகளில் மாவிலை தொங்குவதைப் பார்த்தார். நாகம்மா, அன்னம்மா, சிவகாமசுந்தரி என்று பெயர்களைக் கேட்டார். சரி, நம்ம ஜனம் என்று முடிவு கட்டிவிட்டார். மலாக்காச் செட்டிகள் சாமி கும்பிடுவதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மலாயில் செய்கிறவர்கள் என்பது ஊருக்கே தெரியும். டாக்டருக்குத் தெரியவில்லை. மதராஸிலிருந்து கப்பலேறி வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தாலும் ரப்பர் தோட்டத்துக் கூலி லயங்களை விட்டு அவர் வெளியே வந்ததில்லை.

பெண்கள் மரியாதை தெரிந்தவர்கள். சாரோங்கும் கெபாயாச் சட்டையுமாக, கொண்டையில் ஊசி செருகி, வெற்றிலை மென்றுகொண்டு, அவர் மூச்சு வாங்க நிறுத்திய இடத்திலெல்லாம் தலையாட்டினார்கள்.

“அடுத்த மாசம் மெர்டேக்கா, சுதந்திரம்! வெள்ளைக்கார டாக்டருங்க எல்லாரும் கப்பலேறிடுவாங்க. அப்புறம் வாயில புத்து வந்தா யார்கிட்டம்மா போவீங்க? புரியுதாங்கம்மா?”

பசிக்கிறது என்கிறார் போலிருக்கிறது என்று வீட்டுக்காரி நாகம்மா பலகாரத் தட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

பின்கட்டு அடுப்படியில் கமலவேணி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நாகம்மா வீட்டில் தங்கி, காலையில் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் கட்டுவதற்கும் மாலையில் பலகாரம் சுடுவதற்கும் ஒத்தாசை செய்வது அவள் வேலை. திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பெண். இருபத்திரண்டு வயது. தமிழ்க்குரல் கேட்டதும் முதலில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த வாக்கியத்தில் கை நின்றது.

“கையில குத்தினா மருந்து கன்னத்துக்கு வந்து சேரவே மூணு மாசம் ஆகும்மா. வர்ற வழியிலேயே பாதி நீர்த்துப் போயிடும். அதனாலதான் நம்ம ஊசி நேரா கன்னத்துல. நோய் எங்க வருமோ, மருந்து அங்க காவல் நிக்கணும்.”

இதே வார்த்தைகள். ஒரு எழுத்து மாறவில்லை. அக்கா பூங்காவனம் வாயின் ஒரு ஓரத்தால் கஞ்சித் தண்ணீர் உறிஞ்சிக்கொண்டே இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். மருந்து காவல் நிக்குதுடி. அதான் வலிக்குது.

கையில் ஒட்டிய தேங்காய்ப்பூவோடு கமலவேணி கூடத்துக்கு வந்தாள். டாக்டர் ஒரு கட்டு அட்டைகளைப் பெண்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். உள்ளங்கை அகல அட்டை. மூன்று கட்டங்கள். ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கட்டத்தில் நீல மயில் முத்திரை விழும். அக்காவின் அட்டை கமலவேணியின் டிரங்குப் பெட்டியில் கிடந்தது. மூன்று கட்டத்திலும் மயில் இருந்தது.

அந்த நிமிஷத்திலிருந்து அவர் அவளுக்கு அவர் இல்லை. அவன்.

அக்கா புக்கிட் ரம்பாய் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டினாள். கன்னத்தின் உட்புறம் ஆறாத புண் ஒன்று வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் பார்த்துவிட்டு, “பெரியாஸ்பத்திரிக்குப் போ, சின்னதா இருக்கறப்பவே வெட்டி எடுத்துடுவாங்க” என்றார். கத்தி என்றதும் அக்காவுக்கு நடுங்கியது. அந்த நேரம் பார்த்துத்தான் லயத்துக்கு ‘மதராஸ் டாக்டர்’ வந்தான். தெர்மாஸ் பிளாஸ்க்கில் ஐஸ், ஐஸுக்குள் சிவப்பு மருந்து. புற்று வராமல் தடுக்கும், வந்திருந்தால் அங்கேயே அடக்கிவிடும் என்றான். ஆஸ்பத்திரிக் கத்தி பட்டால் மருந்து செத்துவிடும் என்றான். மூன்று முறை, மாதம் ஒன்றாக, காசு வாங்கிக்கொண்டு, புண்ணுக்குப் பக்கத்திலேயே ஊசியை இறக்கினான். மூன்றாம் மாதம் புண் கன்னத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. அவன் அடுத்த தோட்டத்துக்குப் போய்விட்டான்.

அக்காவைப் பார்த்துக்கொள்ளக் கமலவேணியைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். அவள் பார்த்துக்கொண்டது முப்பத்தேழு நாள். அக்கா கடைசிவரை அவனைத் திட்டவில்லை. டாக்டர் நல்லவரு, என் உடம்புதான் ஒத்துக்கலை என்றாள். அதைத்தான் கமலவேணியால் பொறுக்க முடியவில்லை. செத்தவள் திட்டியிருந்தால் பாதி ஆறியிருக்கும்.

போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனாள். அந்த ஆள் பேர் என்ன? தெரியாது. விலாசம்? தெரியாது. ஆள் எங்கே? தெரியாது. உன்னுடைய அடையாளக் கார்டு எங்கே, எப்போது வந்தாய், யார் வரவழைத்தது என்று கேள்வி அவள் பக்கம் திரும்பியதும் தன்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று வெளியே வந்துவிட்டாள். அக்காவின் புருஷன் தேவதாஸ் வருஷம் திரும்புவதற்குள் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு குளுவாங்குக்குப் போய்விட்டான். அவள் நாகம்மாவிடம் வந்து சேர்ந்தாள். பதினான்கு மாதத்தில் அடுப்படியிலேயே மலாய் பேசக் கற்றுக்கொண்டாள்.

இப்போது அந்த ஆள் பத்தடி தூரத்தில் குத்துக்கல்லாட்டம் நின்று அவளைப் பார்த்துச் சிரித்தான்.

“தங்கச்சி தமிழா?”

“ஆமா சார்.”

“அப்பாடா! இவங்க ஏம்மா பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்காங்க?”

“இவங்களுக்குத் தமிழ் தெரியாது சார். மலாய்தான்.”

அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். அரைமணி நேரம் கொட்டிய சரக்கெல்லாம் சாக்கடையில் போனது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான்.

“உனக்கு மலாய் வருமா?”

“வரும்.”

“அப்ப எங்கூட வா. நான் சொல்றத நீ அவங்களுக்குச் சொல்லு. உனக்கும் ஏதாவது பாத்துப் பண்றேன்.”

கமலவேணி தேங்காய்ப்பூவைப் பாவாடையில் துடைத்தாள்.

“சொல்றேன் சார்” என்றாள்.

ஊசி போடும் நாளை மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமையாகக் குறித்தார்கள். மருந்து மதராஸிலிருந்து கப்பலில் வருகிறது என்று சொன்னான். நாகம்மாவின் தம்பி பிச்சை, ஆபீஸ் ஒன்றில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை பார்ப்பவர், கோயில் கமிட்டியிலும் இருந்தார். கோயிலுக்குப் பக்கத்து வெளியில் பந்தல் போட ஒப்புக்கொண்டார்.

இரண்டாவது வாரம் ஒத்திகைக்காக ஊசிகளைக் கொதிக்க வைக்கக் கமலவேணி அவனுடைய அறைக்குப் போனாள். சாலை ஓரத்துக் கடைவீட்டு மாடி. அங்கே கப்பலும் தெரியவில்லை, மதராஸும் தெரியவில்லை. குழாயைத் திறந்து புட்டிகளில் தண்ணீர் பிடித்தான். சர்பத்துக்குப் போடும் சிவப்புச் சாயத்தில் இரண்டு சொட்டு விட்டான். குலுக்கினான். ஐஸ் நிரப்பிய பிளாஸ்க்குக்குள் வைத்தான்.

“ஐஸ் எதுக்கு சார்?”

“குளுகுளுன்னு இருந்தாத்தாம்மா மருந்துன்னு நம்புவாங்க. வெதுவெதுன்னு இருந்தா கஷாயம்னு நெனச்சுக்குவாங்க.”

“தண்ணிதானே சார் இது?”

அவன் கூச்சப்படவில்லை. தான் செய்கிற வேலையில் அவனுக்குப் பெருமை இருந்தது. அதைக் காட்ட இத்தனை நாள் ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

“தண்ணியால யாருக்காவது கெடுதி உண்டா? பயத்தோட வர்றாங்க, பயம் தெளிஞ்சு போறாங்க. அதுவும் ஒரு வைத்தியம்தான்.”

“ஏற்கெனவே வந்தவங்களுக்கு?”

“வந்தவங்கள யாரு காப்பாத்த முடியும்? நம்பிக்கையோட போய்ச் சேருவாங்க.”

கமலவேணி கொதிக்கிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு ஊசிகள் அடியில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு குதித்தன. அந்தச் சட்டியைத் தூக்கி அவன் தலையில் கவிழ்க்க ஒரு வீச்சுப் போதும். பிறகு? பிறகு அவளைத்தான் பிடிப்பார்கள். அவன் கட்டுப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுத்திருப்பான், அவன் போகக்கூடாது என்று சொன்ன அதே ஆஸ்பத்திரியில். அது வேண்டாம். கையில் ஊசியோடு, இதற்குள் அட்டை வாங்கியிருந்த அறுபது பேர் நடுவில், அவன் வாயாலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். ஓட இடம் இருக்கக்கூடாது. அக்காவின் பேரை அவன் உரக்கச் சொல்ல வேண்டும்.

அன்று மாலை நாகம்மா தன் மலாயில் அவளை வெளிச்சத்துக்குக் கூப்பிட்டாள்.

“வேணி, இங்கே வா. என் வாயைப் பார்.”

பெரியம்மா என்ற சொல்லைச் செட்டிகள் தேய்த்துப் பெரிமா என்பார்கள். கமலவேணியும் நாகம்மாவை அப்படித்தான் கூப்பிட்டாள். கூப்பிட்டதற்குத் தகுந்தாற்போலவே அவளும் நடந்துகொண்டாள். கமலவேணிக்குக் காய்ச்சல் வந்த ஒன்பது நாளும் பலகாரக் கடையைச் சாத்திவிட்டுப் பக்கத்திலேயே இருந்தவள்.

நாகம்மா உதட்டோரத்தை இழுத்துக் காட்டினாள். இடது கன்னத்தின் உள்ளே, புகையிலை அடக்குகிற இடத்தில், சுண்டைக்காய் அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு. நடுவில் சின்னதாகச் சிவப்பு.

அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது என்று டிரஸர் சொல்லியிருந்தார்.

“எத்தன நாளா பெரிமா?”

“ரெண்டு மாசம் இருக்கும்லா. ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னு பிச்சை சொல்றான். நான்தான் சொன்னேன், அந்த டாக்டர் வரட்டும், ஊசி போட்டுக்கிட்டா போச்சு. நீதானே அவர்கூட இருக்கே, நீ சொல்லு. இது என்ன?”

சொல்லியிருக்க வேண்டும். அங்கேயே, அப்போதே. சொன்னால் நாகம்மா பிச்சையிடம் சொல்வாள். பிச்சை நாணயமான மனுஷர்; நேராகப் போய், இனிமேல் இந்தப் பக்கம் வராதே என்று அவனிடம் சொல்லிவிடுவார். அவன் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவான். மூவாரிலோ பத்து பஹாட் என்ற ஊரிலோ வேறு பேரில் வேறு கன்னத்தில் குத்துவான். இன்னும் எட்டு நாள்தான். இரண்டு மாதம் பொறுத்த புண் எட்டு நாள் பொறுக்காதா?

“ஒண்ணுமில்ல பெரிமா. சுண்ணாம்பு சுட்டிருக்கும்.”

நாகம்மா நிம்மதியாக உதட்டை விட்டாள். கமலவேணி அன்று சாப்பிடவில்லை. தன் வாயிலிருந்து வந்தது யாருடைய குரல் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் எட்டு நாள் வாயைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை மூன்று மணிக்குப் பந்தல் நிரம்பிவிட்டது. முன்வரிசையில் நாகம்மா. பக்கத்தில் பொக்கைவாய் அன்னம்மா, கம்பத்திலேயே நாக்கு நீளமானவள். ஓரத்தில் ஆண்கள் சிலரோடு பிச்சை. வெள்ளைக் கோட்டுப் போட்டு, பவுடர் பூசி, மேஜைமேல் பிளாஸ்க், சிரிஞ்சு, மயில் முத்திரை எல்லாவற்றையும் வரிசையாக வைத்துக்கொண்டு கலியாணசுந்தரம் எழுந்தான். இந்த மூன்று வாரத்தில் அவன் நான்கைந்து மலாய்ச் சொற்களைப் பொறுக்கி வைத்திருந்தான். பெத்துல் என்றால் உண்மை. பாகுஸ் என்றால் நல்லது. தீகா என்றால் மூன்று.

“அம்மாமார்களுக்கு வணக்கம். உங்க கம்பத்துக்கு இன்னிக்கு நல்ல நாள். சொல்லு தங்கச்சி.”

கமலவேணி கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மலாயில் சொன்னாள்:

“பெரிமாங்களா, யாரும் எந்திரிக்காதீங்க. மூஞ்சிய மாத்தாதீங்க. இந்த ஆளு டாக்டர் இல்ல.”

மெல்லுகிற வாய்கள் நின்றன. பிச்சை தலையை நிமிர்த்தினார்.

“பாகுஸ், பாகுஸ்” என்றான் கலியாணசுந்தரம். “இது சாதாரண மருந்து இல்ல. ஐஸிலேயே பொறந்து ஐஸிலேயே வந்த மருந்து.”

“இது குழாய்த் தண்ணி. சர்பத்துச் சாயம் கலந்திருக்கான். கலந்தப்ப நான் பக்கத்துல நின்னேன்.”

“பெத்துல், பெத்துல்!”

அன்னம்மா சிரிப்பை அடக்கப் புடைத்த கன்னத்தோடு குனிந்துகொண்டாள். கலியாணசுந்தரத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. கூட்டம் இப்படிக் கண்ணை இமைக்காமல் கேட்டு அவன் பார்த்ததே இல்லை.

“மூணு ஊசி. மாசம் ஒண்ணு. அதுக்கப்புறம் புத்து உங்க வாசப்படியை மிதிக்காது. ஆனா ஒண்ணு, ஆஸ்பத்திரிப் பக்கம் மட்டும் போயிடக்கூடாது.”

“எங்க அக்காவுக்கு மூணு ஊசி போட்டான். ஆஸ்பத்திரிக்குப் போகாதேன்னான். போயிருந்தா பிழைச்சிருப்பா. கன்னத்துல ஓட்டை விழுந்து, குடிச்ச தண்ணி கழுத்துல வடிஞ்சு, மூணு மாசம் கிடந்து செத்தா. அவளைக் குளிப்பாட்டினது நான்.”

தீகா என்ற சொல் காதில் விழுந்ததும் அவன் மூன்று விரலை உயர்த்திக் கூட்டத்துக்குக் காட்டினான். “தீகா! பெத்துல்!”

யாரும் சிரிக்கவில்லை. கடைசி வரிசையில் சிவகாமசுந்தரி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். அன்னம்மாதான் உரக்கக் கேட்டாள்: “இவன் தலையாட்டறான், ஆனா இவனுக்கு நாம பேசறது புரியலையே. இவன்தான் போட்டான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? அவன் வாயாலே சொல்லச் சொல்லு.”

இதற்காகத்தான் அவள் காத்திருந்தாள். கலியாணசுந்தரத்தின் பக்கம் திரும்பினாள். குரலில் தேன் தடவிக்கொண்டாள்.

“சார், புக்கிட் ரம்பாய்ல பூங்காவனம்னு ஒரு அம்மா. அவங்களுக்கு ஊசி போட்டது நீங்கதானான்னு கேக்கறாங்க. இப்ப ரொம்ப நல்லா இருக்காங்களாம். அந்த டாக்டர்னா உடனே போட்டுக்கறோம்ங்கறாங்க.”

அவன் யோசிக்கவே இல்லை. நெஞ்சில் அடித்துக்கொண்டான்.

“நாந்தான்! புக்கிட் ரம்பாய், பூங்காவனம், நாந்தான் போட்டேன்! தீகா! பெத்துல், பெத்துல், பெத்துல்!”

தமிழ் தெரியாவிட்டாலும் அந்தப் பேரும் பெத்துலும் போதும்; பூங்காவனம் வேணியின் அக்கா என்று கம்பத்துக்கே தெரியும். அன்னம்மா மெதுவாக எழுந்து முன்னால் வந்தாள். முதல் ஆள் வந்துவிட்டாள் என்று அவன் முகம் மலர நாற்காலியைத் துடைத்துப் போட்டான். சிரிஞ்சில் சிவப்புத் தண்ணீரை இழுத்தான்.

“பயப்படாதீங்கம்மா. வாயைத் தொறங்க.”

அன்னம்மா திறந்தாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த வெற்றிலைச் சாறு மொத்தமும் அவன் வெள்ளைக் கோட்டில் விழுந்தது.

அதற்குப் பிறகு வரிசை கிடையாது. அறுபது பெண்களும் எழுந்தார்கள். பல்லில்லாதவர்கள் பக்கத்தில் வந்து துப்பினார்கள், பல்லுள்ளவர்கள் எட்டியே துப்பினார்கள். சிவகாமசுந்தரி எச்சிற்பணிக்கத்தையே தூக்கி வந்து தலையில் கவிழ்த்தாள். பவுடர் கரைந்து, கண் எரிந்து, நாற்காலியில் இடறி உட்கார்ந்தவனை நான்கு பேர் தோளைப் பிடித்து அழுத்தினார்கள். சிரிஞ்சு தரையில் உருண்டு வந்து கமலவேணியின் காலடியில் நின்றது.

அவள் அதை எடுத்தாள்.

“தங்கச்சி, இவங்களுக்கு என்னம்மா ஆச்சு? நீ என்ன சொன்னே?”

“பூங்காவனம் என் அக்கா.”

அவள் அவன் தாடையைப் பிடித்தாள். வெற்றிலைச் சாற்றில் விரல் வழுக்கியது, நகத்தை ஊன்றிக்கொண்டாள்.

“வாயைத் தொறங்க சார். நேரா கன்னத்துல. காவல் நிக்கட்டும்.”

“வேணாம்மா! ஊசி மண்ணுல விழுந்துருச்சு! சீழ் புடிச்சுக்கும்!”

“மருந்து இருக்கே.”

“மருந்து இல்லம்மா! தண்ணி! வெறும் தண்ணி!”

கமலவேணி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். அன்றைக்கு முதல் தடவையாக அவன் சொன்னதைச் சொன்னபடியே மலாயில் சொன்னாள்.

“ஆயேர் சாஜா. வெறும் தண்ணியாம்.”

பிறகு ஊசியை அவன் கன்னத்துக்குக் கொண்டுபோனாள். முனை தோலைத் தொட்டுவிட்டது. பின்னாலிருந்து பிச்சை அவள் மணிக்கட்டைப் பிடித்தார். “போதும், போலீஸ் மாத்தாவைக் கூப்பிட ஆள் போயாச்சு” என்றார். அவர் கையைக் கடித்துவிட்டு வேலையை முடிக்கலாமா என்றுகூட அவளுக்குத் தோன்றியது. இத்தனை மாதம் காத்திருந்தது ஒரு நெல்லளவு ஆழத்துக்கு. அதையும் தட்டிப் பறித்துவிட்டார்கள்.

மாத்தா வந்தார்கள். அவனை அந்தக் கோலத்திலேயே நடத்திக்கொண்டு போனார்கள். தெருவில் போனவர்கள் ரத்தம் என்று நினைத்து ஒதுங்கினார்கள்.

பந்தல் காலியான பிறகும் நாகம்மா முன்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் துப்பவில்லை. அவள் வாயில் இருந்தது அப்படியே இருந்தது.

“உனக்கு எப்போ தெரியும்?”

“மொத நாளே பெரிமா.”

“நான் வாயைக் காட்டினேனே. அப்போ?”

கமலவேணி மேஜை விளிம்பில் வழிந்த வெற்றிலைச் சாற்றைத் துடைத்தாள்.

“உன் அக்காவுக்கு வந்தது மாதிரி இருந்ததா?”

“இருந்துச்சு.”

“சுண்ணாம்புன்னு சொன்னே.”

“உங்ககிட்ட சொன்னா அவன் தப்பிச்சிருப்பான் பெரிமா. எட்டு நாள்தானேன்னு...”

நாகம்மா எழுந்து வீட்டுக்கு நடந்துபோய் வெற்றிலையை வாசலில் துப்பினாள். வாயைக் கொப்பளித்தாள். இன்னொரு தடவை கொப்பளித்தாள். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பிச்சை இரண்டு சேதியோடு வந்தார். ஒன்று, தெரிந்தவரைப் பிடித்து ஆஸ்பத்திரியில் நாளைக் காலை எட்டரைக்குத் தன் அக்கா நாகம்மாவைக் காட்ட ஏற்பாடு செய்துவிட்டார். இரண்டாவது ஸ்டேஷனிலிருந்து. கம்பத்தில் யாருக்கும் ஊசி இறங்கவில்லை. துப்பியது என்னவோ இவர்கள்தான். அவனை வைத்திருக்க வேண்டுமானால் ஊசியால் நஷ்டப்பட்டவர் ஒருவர் நேரில் வந்து எழுதிக் கொடுக்க வேண்டும். அட்டையோடு திங்கட்கிழமை எட்டரைக்குக் கமலவேணி இன்ஸ்பெக்டர் முன்னால் கையெழுத்துப் போட்டால் கோர்ட்டுக்குக் கொண்டுபோவார்கள். ஒன்பது மணிவரை பார்ப்பார்கள். இல்லையென்றால் விட்டுவிடுவார்கள்.

“நான் அக்காவை அழைச்சிட்டுப் போறேன், நீ ஸ்டேஷனுக்குப் போ” என்றார் பிச்சை.

“நீ வரவேண்டாம்” என்றாள் நாகம்மா தம்பியிடம். நேற்றிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை. “அவள்தான் என்கூட வருவாள். அவள் வராவிட்டால் நான் போகவில்லை. ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை, எங்கேயும் போகவில்லை. இங்கேயே உட்கார்ந்து என் கன்னத்தில் ஓட்டை விழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.”

“அக்கா, பைத்தியமா உனக்கு? அவன் போயிடுவான்லா!”

“போகட்டுமே.” நாகம்மா கமலவேணியைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. “எட்டு நாள் என்னை வச்சு அவனைப் பிடிச்சாள். நாளைக் காலை ஒரு பொழுது அவனை வச்சு நான் இவளைப் பிடிக்கிறேன்.”

“பெரிமா, எழுதிக் குடுத்துட்டு ஓடி வந்துடறேன். அரை மணி நேரம்...”

“அரை மணி நேரம் என் புண் பொறுக்கும்னு நீ சொல்லாதே. நீ சொன்னதை ஒரு தடவை கேட்டாச்சு.”

திங்கட்கிழமை எட்டே காலுக்கு இருவரும் ஆஸ்பத்திரி நடைபாதையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அட்டை கமலவேணியின் ரவிக்கைக்குள் இருந்தது. வேர்வையில் மயில் கரைந்துவிடுமோ என்று அவள் அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டாள். எதிர்ச்சுவரில் வட்டக் கடிகாரம்.

எட்டு நாற்பதுக்கு நர்ஸ் வந்து நாகம்மா பேரைக் கூப்பிட்டாள். கமலவேணி துள்ளி எழுந்தாள். இப்போது உள்ளே போனால் போதும். ஓடினால் ஸ்டேஷனுக்குப் பத்து நிமிஷம்.

நாகம்மா எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் குழந்தையோடு இருந்த சீனத்தியைக் காட்டி, “இவங்க முதல்ல போகட்டும்” என்றாள் மலாயில்.

எட்டு ஐம்பதுக்கு மறுபடி கூப்பிட்டார்கள். தடியூன்றிய ஒரு கிழவரைக் காட்டினாள்.

“பெரிமா, உங்க கால்ல விழறேன். அவன் இன்னொரு ஊர்ல...”

“தெரியும்.”

“இன்னொருத்தியக் கொல்லுவான்.”

“எனக்கும் அதுதான் தோணிச்சு. நேத்து முழுக்க. அந்த இன்னொருத்தி நானாத்தான் இருந்திருப்பேன், உனக்கு அதுவும் தெரியும்.” நாகம்மா கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “உட்கார்.”

கமலவேணி உட்கார்ந்தாள். முள் நகர்வது கண்ணுக்குத் தெரியாது என்பார்கள். அவளுக்குத் தெரிந்தது. ஸ்டேஷனில் அவன் சட்டையை மாட்டிக்கொள்வான். பிளாஸ்க்கைத் திருப்பிக் கொடுப்பார்களோ என்னவோ. கொடுக்காவிட்டால் என்ன, இன்னொன்று வாங்கிக்கொள்வான். எழுந்து ஓடு என்று கால் சொன்னது. நீ ஓடினால் பெரிமா உள்ளே போகமாட்டாள் என்றும் தெரிந்தது, வீம்புக்காரி, செய்வாள். அக்காவுக்காக ஒரு காரியம் செய்ய வந்து, அக்காவைப் போலவே இன்னொருத்தியைக் கிடத்திவிட்டுப் போவதா? பல்லைக் கடித்தாள். அவன்மேல் இருந்த ஆத்திரம் துளிகூடக் குறையவில்லை. அதோடு நாகம்மாமேலும் ஒன்று புதிதாக மூண்டு எரிந்தது. தன்மேல் எரிந்ததை அவள் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள்.

“மணி எத்தனை?” என்றாள் நாகம்மா. கடிகாரம் அவள் கண்ணெதிரேதான் இருந்தது.

“ஒன்பது அஞ்சு.”

“நல்லாப் பார்த்துச் சொல்.”

“ஒன்பது அஞ்சு பெரிமா.”

நாகம்மா எழுந்தாள். கத்திக்குப் பயந்தவள்தான் அவளும். கொண்டையிலிருந்த வெள்ளி ஊசிகளை ஒவ்வொன்றாக உருவிக் கமலவேணியின் மடியில் போட்டாள். காதுத் தோட்டைக் கழற்றிப் போட்டாள்.

“நான் வர வரைக்கும் எழுந்திருக்காதே” என்று சொல்லிவிட்டு, நர்ஸ் காட்டிய கதவுக்குள் தலைமுடி தோளில் புரள நடந்துபோனாள்.

கதவு மூடிக்கொண்டது. இப்போது ஓடினால் தெருமுனையில் அவனைப் பிடித்தாலும் பிடிக்கலாம். கமலவேணி மடியில் கிடந்தவற்றை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.